அழுத மருமகளுக்கு ஒரு பொக்கே

டெப்போவில் அவளை எல்லோரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. அவளுடைய தும்மலுக்கு வைத்த பெயர் அது. ஒருமுறை சிக்னலில் நிற்கும்போது தும்மிவிட்டாள். முன்னால் நின்ற லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "சிவப்பு விழுந்திருக்குல்ல? என்னைப் பறக்கச் சொல்றியா?" என்று கத்தினார்.

மற்றபடி அவள் சத்தமே இல்லாத ஆள். அப்பா லாரி ஓட்டியவர். இப்போது முதுகுவலியோடு வீட்டில் படுத்தபடி டிவியில் வருகிற கார்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாக பஸ் ஓட்டுகிற உத்தியோகத்துக்குப் போனவள் இவள்தான். அந்தப் பெரிய ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அவள் பிரேக் போட்டால், நின்றுகொண்டிருப்பவர் கையில் இருக்கும் டீ சிந்தாது. வயதானவர்கள் இவள் பஸ்ஸுக்காக முந்தைய பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி பூ. எந்தப் பூவாக இருந்தாலும் சரி, பக்கத்தில் வந்தால் முதலில் மூக்கு நமநமக்கும், அப்புறம் கண் இரண்டும் குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும், கடைசியில் ஹாரன். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். நல்ல மாத்திரைதான், தூக்கம்தான் கூடவே வரும். மாத்திரை போட்டால் பஸ்ஸைத் தொடக்கூடாது என்பது டெப்போவின் கண்டிப்பான சட்டம். மாத்திரையா பஸ்ஸா என்று யோசிக்கக்கூட இல்லை. பஸ் என்று சொல்லிவிட்டாள். பூங்காவை ஒட்டிய சாலை வந்தால் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் காதல் வந்ததே மூக்கு வழியாகத்தான்.

தினமும் காலையில் ஒரு ஸ்டாப்பில் ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்காருவான் ஒருவன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கையில் ஸ்பேனர் பை, முகத்தில் தூக்கக் கலக்கம். அவன் ஏறியதும் இவளுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கண்ணாடியில் அவனைப் பார்த்தே கேட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என்ன சென்ட் போடறீங்க நீங்க?"

"சென்டா? நான் சோப்பே ஒழுங்காப் போடமாட்டேங்க."

"பின்ன ஏன் எனக்கு இப்படி வருது?"

அவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்கம்மா பூக்கடை வச்சிருக்காங்க. கடைக்கு மேலதான் வீடு. பொறந்ததுலேருந்து பூவுக்குள்ளயே கிடக்கறேன், எனக்கு வாசனைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு" என்றான்.

அடுத்த நாளிலிருந்து அவன் ஒரு சட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாப்பிலேயே மாற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தான். ஊர் பார்க்க நடுத்தெருவில் பனியனோடு நிற்கிறான், தனக்காக நிற்கிறான் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணுக்கும் மனசு கொஞ்சம் அசையத்தான் செய்யும். இவளுக்கு நன்றாகவே அசைந்துவிட்டது.

கல்யாணம் என்று பேச்சு வந்தபோது, "எங்கம்மாகிட்ட உன் மூக்கு விஷயத்த நானே பக்குவமாச் சொல்லிடறேன்" என்றான் அவன். சொல்லவில்லை. பக்குவம் வரட்டும் என்று காத்திருந்தான்போல.

அவன் அம்மாவை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. புருஷன் போன பிறகு நடைபாதையில் ஒரு வாளியை வைத்துப் பூ விற்க ஆரம்பித்தவர். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடை, உள்ளே பூவுக்கென்று ஒரு குளிர் அறை. நகரத்தில் கல்யாணப் பெண் கையில் பிடிக்கிற பொக்கே என்றால் இவரிடம்தான் வருவார்கள். பொக்கேக்களுக்கு இவரே பெயர் வைத்திருந்தார். உருண்டையாக நெருக்கிக் கட்டியது பந்து. முழங்கையில் குழந்தையைப்போல் படுக்க வைப்பது தொட்டில். பிடித்த கையிலிருந்து கீழே சரிந்து தொங்குவது அருவி. பெண்ணின் உயரத்தைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், "உனக்குப் பந்துதான், போ" என்று சொல்லிவிடுவார். மறுபேச்சு கிடையாது.

ஆனால் அவருக்குள் ஒரு மனக்குறை இருந்தது. பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவரிடம் அடிக்கடி சொல்லுவார்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொக்கே போட்டோவுக்கு மட்டும்தான் சாவிக்காரரே. விடியறதுக்கு முன்ன எழுந்து, காம்பு காம்பா சீவிக் கட்டித் தர்றேன். வாங்கினதும் செல்ஃபோனப் பாக்கறாளுங்க. பூவப் பாத்து அசந்து நின்னவ ஒருத்தி உண்டா?"

"பூட்டப் பாத்து அசந்து நின்னவனும் கிடையாதும்மா" என்பார் சாவிக்காரர்.

இந்த நிலைமையில்தான் ஹாரன் தன் வருங்கால மாமியாரைப் பார்க்க முதன்முதலாகக் கடைக்குப் போனாள். டியூட்டி முடிந்து நேராக வந்ததால் மாத்திரை போடவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வாளி வாளியாகப் பூ. மாமியார் இரண்டு கையையும் விரித்து, "வா கண்ணு, இதுதான் நம்ம கடை" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பொலபொலவென்று கன்னம் வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. தும்மலை மட்டும் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். அந்த முயற்சியில் உதடு நடுங்கியது, தோள் குலுங்கியது.

மாமியார் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவியது. இத்தனை வருஷத்தில் தன் பூவைப் பார்த்து இப்படி விம்மிய ஒரு ஜீவனை அவர் பார்த்ததில்லை. ஓடிவந்து தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார். அந்த முந்தானையிலும் மகரந்தம். கண்ணீர் இரட்டிப்பானது.

"டேய், பாருடா! என்னமா அழறா பாருடா! பூவோட மனசு தெரிஞ்சவடா இவ!"

மெக்கானிக் சுவரைப் பார்த்தபடி, "ஆமாம்மா" என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தையல்காரர், ரொட்டிக் கடைக்காரர், மருந்துக்கடைப் பெண் எல்லோரும் ஹாரனை எங்கே பார்த்தாலும், "நீதானேம்மா பூவப் பாத்து அழுதது?" என்று மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவங்க என் கண்ணத் தொடச்சாங்கம்மா. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

மாமியார் தன் மருமகளுக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினார். "உன் பொக்கேய நீதான் கண்ணு தேர்ந்தெடுக்கணும். உனக்கிருக்கற ரசனைக்கு நான் யாரு சொல்ல? ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி கட்டி வைக்கறேன், வந்து பாரு" என்றார்.

முதல் வாரம் பந்து. அதை மார்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அதாவது மூக்குக்கு நேர் கீழே. ஹாரன் பிடித்த மாத்திரத்தில் அழுதாள். ஃபோன் வருவதுபோல் பாவனை செய்து தெருவுக்கு ஓடி, ரொட்டிக் கடை வேனுக்குப் பின்னால் நின்று தும்மினாள். வேனில் இருந்த திருட்டு அலாரம் அலற ஆரம்பித்தது. திரும்பி வந்தபோது மாமியாரின் கண்ணும் கலங்கியிருந்தது. "தாங்க முடியாம வெளிய போயிட்டியா? நான் இன்னும் ரெண்டு கொத்து சேத்துக் கட்டறேன்" என்றார்.

அடுத்த வாரம் தொட்டில். வாராந்திர விடுமுறை நாள் என்பதால் தைரியமாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனாள். கண்ணீர் வரவில்லை, தூக்கம் வந்தது. மாமியார் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நீளக் காம்புகளோடு பெரிய பொக்கேயை அவள் முழங்கையில் கிடத்தினார். ஹாரன் மெல்லக் கண்ணை மூடினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மாமியார் உதட்டில் விரலை வைத்து, உள்ளே வந்த வாடிக்கையாளரைச் சைகையால் தடுத்தார்.

"சத்தம் போடாதீங்க. மருமக பூவோட பேசிக்கிட்டிருக்கா."

மருமகள் கண்ணை மூடியபடியே சிரித்தாள், அப்புறம் லேசாகக் குறட்டை விட்டாள். அதையும் அவர் தியானத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஹாரனுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: மூக்குக்கும் பூவுக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. பஸ் பின்னால் நகரும்போது சுவருக்கும் பம்பருக்கும் இடைவெளி பார்க்கிற அதே கண்ணால் யோசித்தாள். தானாகவே சொன்னாள்: "அத்தை, எனக்கு அருவிதான் வேணும். நல்லா நீளமா. மேல வெறும் இலை போதும். பூவெல்லாம் முழங்காலுக்குக் கீழ தொங்கினா அழகா இருக்கும்."

"முழங்காலுக்குக் கீழயா?"

"இன்னும் இறங்கினாலும் பரவால்ல."

மாமியார் அயர்ந்துபோனார். இப்படி ஒரு கற்பனை தனக்குக்கூட வந்ததில்லையே என்று சாவிக்காரரிடம் போய் மெச்சினார். அதோடு நிற்காமல் ஒரு முடிவும் எடுத்துவிட்டார். மேல்மாடி அறைக்கு வெள்ளையடித்தார். பழைய கட்டிலை விற்றுப் புதுக் கட்டில் போட்டார். ஹாரனைக் கூப்பிட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"கல்யாணத்துக்கப்புறம் பஸ்ஸ விட்டுடு கண்ணு. இந்தக் கை ஸ்டியரிங் பிடிக்கவா பொறந்துச்சு? கடை இனிமே உனக்குத்தான். போர்டுல உன் பேரையும் எழுதச் சொல்லியாச்சு. எனக்கப்புறம் இந்தப் பூவெல்லாம் யாரு கையில போய் விழுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கடவுளாப் பாத்து உன்ன அனுப்பியிருக்கான்."

ஹாரன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதுவரை பிரச்சினை மண்டபத்தில் நடந்துவருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். இப்போது ஆயுசு முழுக்க. பஸ் போய்விடும். பூக்கடைக்கு மேலே தூங்கி, பூக்கடைக்குள் எழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் டெப்போ வாசல் டீக்கடையில் மெக்கானிக்கைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ போய்ச் சொல்லு."

"நீயே சொல்லேன்."

"உங்கம்மா!"

"உன் மூக்கு!"

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அலர்ஜின்னு சொல்றது கஷ்டமில்ல, ஹாரன். அன்னிக்கு நீ அழுதது பூவுக்காக இல்லன்னு சொல்லணும் பாரு, அதான் எனக்கு வாய் வரல. அப்பா போனப்புறம் அம்மா ஒரு விஷயத்த இவ்வளவு சந்தோஷமாத் திரும்பத் திரும்பச் சொல்லி நான் கேட்டதில்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு அதைத்தான் தொட்டுக்கறாங்க."

அவள் டீக்காசை வைத்துவிட்டு எழுந்தாள். தானே சொல்வது என்று முடிவு செய்துகொண்டு, மாத்திரை போடாமல், தெளிவான தலையோடு கடைக்குப் போனாள்.

போன நேரம் நல்ல நேரமில்லை. வாசலில் போர்டு எழுதுகிறவர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேஜைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் மாமியார் அருவியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அது பொக்கேபோல் இல்லை. யாரோ ஒரு தோட்டத்தை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் இருந்தது. மேலே இலை மட்டும் என்று சொன்னதைப் பாதிதான் கேட்டிருந்தார். "உன் கண்ணீருக்கு இலை மட்டும் எப்படிம்மா கட்டறது? மனசு கேக்கல" என்றார்.

"அத்தை, கீழ இறங்குங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொத இதப் பிடி."

"வேண்டாம் அத்தை, நான்..."

பிடிக்க வைத்துவிட்டார். ஹாரன் மூச்சை அடக்கினாள். நாக்கால் மேலண்ணத்தை அழுத்தினாள். பூங்காச் சாலையை நினைத்துக்கொண்டாள். எதுவும் எடுபடவில்லை.

அந்தத் தும்மலைப்பற்றித் தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அருவியின் மேல்பாதி இதழ் இதழாகக் கிளம்பி மாமியாரின் தலையிலும் குளிர் அறைக் கண்ணாடியிலும் ஒட்டியது. வெளியே ஏணியில் நின்றவர் பிரஷ்ஷைத் தவறவிட்டார். சாவிக்காரர் கையில் சுத்தியலோடு ஓடிவந்து, "சிலிண்டரா? சிலிண்டரா?" என்று கேட்டார்.

"போங்க சாவிக்காரரே, ஒண்ணுமில்ல" என்றாள் ஹாரன், மூக்கைத் துடைத்தபடி. அவர் போனதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "எனக்குப் பூ ஒத்துக்காது அத்தை. சின்ன வயசுலேருந்தே. பக்கத்துல வந்தா கண்ணுல தண்ணி கொட்டும்."

மாமியார் மேஜையிலிருந்து இறங்கினார். முடியில் ஒட்டிய இதழை எடுக்கவில்லை.

"அப்ப மொத நாளு?"

"மூக்கு."

"பந்தப் பிடிச்சுட்டு வெளிய ஓடினியே?"

"தும்மப் போனேன்."

"தொட்டில வச்சுக்கிட்டுக் கண்ண மூடி..."

"மாத்திரை அத்தை. தூங்கிட்டேன்."

"சிரிச்சியேடி!"

"கனவுல ரோடு காலியா இருந்துச்சு."

மாமியார் மெல்லக் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். ஹாரன் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டேதான் இருந்தது. இப்போது அது எதற்காக வழிகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"உங்கள ஏமாத்தணும்னு இல்ல அத்தை. நீங்க முந்தானையால தொடச்சு விட்டீங்க. எங்கம்மாகூட அப்படித் தொடச்சதில்ல, துண்டத் தூக்கி மூஞ்சில போடுவாங்க. அதுக்கப்புறம் உண்மையச் சொன்னா நீங்க கைய எடுத்துடுவீங்களோன்னு பயம் வந்துடுச்சு. அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் உள்ளே வந்தான். கையில் சட்டை வைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை.

"உனக்கு இது தெரியுமாடா?"

அவன் இதழ்களைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "தெரியும்."

"அந்தப் பையில என்ன?"

"சட்டைம்மா. பூ வாசனை இல்லாத சட்டை. பஸ் ஸ்டாப்புல மாத்திக்குவேன்."

"அடப்பாவி! பையன் தெருவுல துணியவுத்துக்கிட்டு நிக்கறான், டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு சாவிக்காரர் சொன்னாரு. அவர்கூட நான் ஒரு மாசம் பேசல!"

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. ஹாரன் எழுந்து கதவுப் பக்கம் போனாள். கல்யாணம் நிற்குமோ நடக்குமோ, இனிமேல் இந்தக் கடை வாசலில் கால் வைக்க முடியாது என்று நினைத்தாள். மெக்கானிக் அவளுக்குத் தன் பையிலிருந்த சுத்தமான சட்டையை நீட்டினான், மூக்கைத் துடைக்க.

மாமியார் திரும்பி வந்தபோது வேறு புடவை கட்டியிருந்தார். முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியதில் கை சிவந்திருந்தது. நேராக வந்து அவள் தோளைப் பிடித்து, "மொத வெளிய நட. காத்துல நின்னு பேசலாம்" என்று தள்ளிக்கொண்டு போனார். நடைபாதையில் நிறுத்தி, கழுவிய கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தார். அழுத்தமான துடைப்பு, கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது.

"கோவந்தான் எனக்கு. இல்லன்னு சொல்லல. போர்டுக்காரனப் போகச் சொல்லு. நீ பஸ்ஸே ஓட்டு. மேல் மாடிய நான் வாடகைக்கு விட்டுக்கறேன், நீங்க வேற வீடு பாத்துக்கங்க. ஆனா ஒண்ணு. என் மருமக கல்யாணத்துல பொக்கே இல்லன்னா நான் ஷட்டர இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"பிளாஸ்டிக் பூ..." என்று ஆரம்பித்தாள் ஹாரன்.

"அந்த வார்த்தைய என் கடை வாசல்ல சொல்லாத! மூக்குதான் கெட்டுப்போச்சு, புத்தியுமா?"

"அப்ப வெறும் இலையா?"

"நான் என்ன கீரைக்கடையா வச்சிருக்கேன்?"

மூன்று பேரும் யோசித்தார்கள். மாமியாரின் பார்வை மெல்லத் திரும்பி மகன்மேல் போய் நின்றது. தலையிலிருந்து கால்வரை அளந்தது. அவன் ஓரடி பின்வாங்கினான்.

"இவன் மூக்குக்குத்தான் ஒண்ணும் ஆகாதே."

"அம்மா! மாப்பிள்ளை எங்கயாவது பொக்கே பிடிப்பானா?"

"பொய்ய இத்தனை நாளு பிடிச்சுக்கிட்டு நின்னல்ல? இதையும் பிடி."

பந்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "சே, வயித்துக்கு மேல இன்னொரு வயிறு" என்று பிடுங்கிக்கொண்டார். தொட்டிலைக் கிடத்தினார். சாவிக்காரர் தன் கடையிலிருந்தே, "கல்யாணத்துக்கே பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டான்னு பேசுவாங்கம்மா" என்றார். மிச்சமிருந்தது தும்மல் பட்ட அருவி. அதன் கலைந்த மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, கீழ்ப்பாதியை அவன் கையில் திணித்தார். பரவாயில்லைபோல் இருந்தது. ஆனாலும் மாமியாருக்குத் திருப்தி இல்லை.

"எனக்குப் பக்கத்துல பாத்தாத் தெரியல. ஏய் மருமகளே, நீ ரோட்டுக்கு அந்தப்பக்கம் போ. காத்து அடிக்காத பக்கமாப் போய் நின்னு பாத்துச் சொல்லு. உனக்காகத்தானே கட்டினது, நீதான் சொல்லணும்."

ஹாரன் சாலையைக் கடந்து எதிர் நடைபாதையில் நின்றாள். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, டெப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கொடுக்கிற குரலில் கத்தினாள்.

"வரட்டும்... வரட்டும்... இன்னும் கீழ வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி... போதும், நிறுத்து!"

மெக்கானிக் அப்படியே நின்றான். மாமியார் ஒரு காம்பை நிமிர்த்திவிட்டு, இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"நல்லா இருக்காடி?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை!"

"அங்கேயே நில்லு. கிட்ட வந்து கெடுத்துடாத."